கோமாருவுக்குப் பனி ஆகாது

1

இந்தக் கதை ஈப்போவில் ஒரு கல்யாணப் பந்தியில், ரசத்துக்கும் மோருக்கும் நடுவே பிறந்தது. வருஷம் எண்பத்தொன்பது. எனக்கு எதிரே இரண்டு ஆம்பிளைகள், பிள்ளைகுட்டி பெற்றவர்கள், கோமாரு என்கிற ரோபோவுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். குளிர்கால விடுமுறையில் கோமாரு பனியில் விளையாடுவான் என்றார் ஒருவர். டிவியில் பார்த்தாராம்.

"பனியாவது கினியாவது! எல கொட்டும் மச்சான், எல! நா பொஸ்தகத்துல படிச்சேன்லா!" என்று மற்றவர் சாப்பாட்டு இலைமேலேயே ஓங்கி அடித்தார். ரசம் என் சட்டைக்கு வந்தது.

விசாரித்தேன். இரண்டு பேர் சொன்னதும் சரியாம். எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. அதனால் நவமணி என்று ஒருத்தியை நானே உண்டாக்கிக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: "குன்றுகள் சூழ்ந்த ஈப்போ மாநகரின்மேல் அந்திச் சூரியன் தன் பொற்கரங்களை நீட்டி" சீ, சீ. அடித்தாயிற்று.

இரண்டாவது: "எழுபத்தெட்டில் நவமணிக்கு வயது இருபத்து நான்கு. இன்னும் கல்யாணம் ஆகவில்லையே என்ற ஏக்கத்தோடு அவள்" ஏக்கமா? யார் சொன்னது? என்னைத் திரும்பிப் பார்த்து முறைத்தாள். இதையும் அடித்தேன்.

மூன்றாவது நிற்கிறது. பெத்தபெருமாள் செட்டியாரின் அச்சகத்தில் நவமணி கல்யாணப் பத்திரிகை மடித்துக்கொண்டிருந்தாள். செட்டியார் புதிதாக ஒரு சிறுவர் பத்திரிகை தொடங்கி, அதற்காக வெளிநாட்டிலிருந்து கோமாரு படக்கதையை வாங்கினார். படங்கள் அச்சுக்குத் தயாராக வரும். பேசுகிற குமிழிகள் மட்டும் வெறுமையாக இருக்கும். அவற்றில் தமிழை எழுத ஓர் ஆள் வேண்டும். "நா எழுதுறேன் மொதலாளி" என்று கை தூக்கியவள் நவமணி. அன்றிலிருந்து காலையில் வேலைக்கு ஓடிப் போகிற ஒரே ஆள் அந்தத் தெருவிலேயே அவள்தான்.

ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை. கதையில் எதையும் மாற்றக் கூடாது. மாற்றினால் கோமாரு போய்விடுவான். கோமாரு போனால் நவமணி மறுபடி கல்யாணப் பத்திரிகை மடிக்க வேண்டியதுதான்.

(கோமாரு என்ற பெயரைக் கேட்டதும் செட்டியார் மிரண்டாராம். "மாட்டுக்கு வர்ற கோமாரியா? வேற பேரு வைக்கக் கூடாதா?" கூடாது. நிபந்தனை.)

3

இங்கே கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோமாரு எந்த உருவத்தில் வந்தாலும் வருஷக் கடைசியில் அவனுக்கு ஒரு குளிர்கால விடுமுறை உண்டு. டிவியில் தன்னைப்போலவே ஒரு பனிப் பொம்மை செய்து, அதோடு கை குலுக்குவான். பிஸ்கட் டின்மேல் இருக்கிற படத்தில் கம்பளித் தொப்பி போட்டிருப்பான். தொப்பி தலையிலுள்ள கம்பியில் மாட்டித் தொங்கும். கடையில் விற்ற பொம்மைக்குக் கழுத்தில் ஒரு துண்டு. படக்கதையில் இன்னும் விசேஷம். அன்றைக்கு மட்டும் அவனுடைய பரம எதிரியும் அடிக்க மாட்டான். கடாமுடா என்று நவமணி பெயர் வைத்த (எதிரியின் பெயருக்கு நிபந்தனை கிடையாது) அந்தத் தடியனும் கோமாருவும் ஒருவர்மேல் ஒருவர் பனியை வாரி எறிந்து சிரிப்பார்கள்.

உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் இது புரிந்தது. எங்கள் பேராக் ரப்பர்த் தோட்டங்களில் மட்டும் சிக்கல்.

4

முதல் வருஷம் நவமணி எழுதியது: "ஆகா, பனி பெய்கிறது! விடுமுறை! எல்லாரும் வெளியே வாருங்கள்!"

அவளுடைய அக்கா செல்லாயி கோப்பெங் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டுகிறவள். புத்தகத்தைக் கொண்டுபோய் நவமணியே வாசித்துக் காட்டினாள். லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏன்டி," என்றாள் செல்லாயி, "பனி பெய்ஞ்சா வெளிய வரச் சொல்றான்? அறிவு இருக்கா அவனுக்கு? தலையில துண்டக் கட்டிக்கிட்டு உள்ள போகச் சொல்லு. சளி புடிக்கும்லா."

"துருப் புடிச்சிரும் சின்னம்மா!" என்றது ஒரு வாண்டு. "இரும்பாச்சே!"

சிரிக்காதீர்கள். தவறு அவர்களுடையது அல்ல. விடியற்காலை மரத்தடியில் நின்று தலை நனைகிறவர்களுக்கு எது பனியோ அதுதான் பனி. வானத்திலிருந்து பூவாய் விழுவதற்கும் தமிழில் அதே பெயர் என்றால் அவர்கள் என்ன செய்வார்கள்? மலாய்க்காரர்களுக்கும்தான் அது விழவில்லை. ஆனாலும் 'சல்ஜி' என்று அதற்கென்றே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். சாமர்த்தியசாலிகள்.

அடுத்த வருஷம் நவமணி 'பனிக்கட்டி' என்று மாற்றினாள். கடையில் ஐஸைச் சீவிக் கிண்ணத்தில் தருகிற ஐஸ் கச்சாங் வானத்திலிருந்து விழுகிறது என்று பிள்ளைகள் குதித்தார்கள். சிவப்புச் சாறு எங்கே, பயறு எங்கே என்று கேட்டு அவள் உயிரை எடுத்தார்கள்.

5

மூன்றாம் வருஷம் டிசம்பர் இதழுக்கு அவளால் எழுத முடியவில்லை. பேனாவை வைத்துவிட்டாள். குளிர்கால விடுமுறைக் கதையைத் தள்ளி வைத்தாள்.

(நானும் இந்த இடத்தில் பல நாள் உட்கார்ந்திருந்தேன். ஒரு காதலனைக் கொண்டுவந்து பார்த்தேன். பெயர் வள்ளியப்பன். வந்தான், காப்பி குடித்தான், கதைக்கு ஓர் உதவியும் செய்யவில்லை. அனுப்பிவிட்டேன்.)

பிப்ரவரியில் தைப்பூசத்துக்கு முந்தின வாரம் நவமணி தோட்டத்துக்குப் போனாள். மரமெல்லாம் இலை கொட்டிக்கொண்டிருந்தது. வருஷமெல்லாம் இருட்டாய்க் கிடக்கிற தோட்டத்துக்குள் வெயில் இறங்கி வந்து நின்றது. கீழே முழங்காலுக்குச் சிவப்புச் சருகு. பிள்ளைகள் அதை வாரி வாரி ஒருவர்மேல் ஒருவர் கொட்டினார்கள். காலையில்தான் மண்டை உடைத்துக்கொண்ட இரண்டு பயல்கள் இப்போது ஒரே குவியலுக்குள் புதைந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"மரம் எல கொட்டிருச்சி. பாலு எறங்காது, பாதி நாளு வேல இல்ல," என்றாள் செல்லாயி. "எங்களுக்குத்தான் வயித்தெரிச்சலு. இதுங்களுக்குக் கொண்டாட்டம்."

நவமணிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "அக்கா! கோமாரு இங்கதான்க்கா இருக்கான்!"

"பூசம் வருது, எதுக்கும் விபூதி வச்சிக்க," என்றாள் செல்லாயி.

6

திரும்பி வந்தவள் படங்களில் விழுந்த ஒவ்வொரு வெள்ளைப் பொட்டையும் மையால் நீட்டி, நடுவில் ஒரு நரம்பும் கீழே ஒரு காம்பும் வரைந்தாள். தரையில் கிடந்த பனிக்குவியலைச் சருகாக்கினாள். முதல் குமிழியில் எழுதினாள்: "மரம் இலை கொட்டிவிட்டது! இன்று சண்டை கிடையாது!"

(கோமாரு காவடி எடுப்பதாகவும் ஒரு கட்டம் வரைந்தாள். சாமி குத்தம் ஆகிவிடும் என்று அவளே கிழித்தாள். கெட்டிக்காரி.)

மிஷின் ஓட்டுகிற சன்னாசி தாளைப் பார்த்தார். "எல கறுப்பா இருந்தா நல்லாருக்காது நவமணி. பூசத்துக்கு நோட்டீஸ் அடிச்ச செவப்பு மை கெடக்கு. ஊத்தட்டுமா?"

"ஊத்துங்கண்ணே."

இதழ் போன வேகத்துக்கு இரண்டாம் முறை அடிக்க வேண்டியதாயிற்று. செல்லாயி அதை ஒரு தடவை கேட்டாள், "மறுபடி வாசி" என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அக்கா அப்படிச் சிரித்து நவமணி பார்த்ததே இல்லை.

செட்டியார் அதற்குப் பிறகுதான் படித்தார். "என்னத்தா இப்புடிப் பண்ணிப்புட்ட? கோமாரு ஒப்பந்தத்தப் புதுப்பிக்கச் சிங்கப்பூர்லேருந்து ஏஜெண்டு வாரானே! அவனுக்குத் தமிழு தெரியாது. கேட்டா பனின்னு சொல்லிப்புடு. நீ பொழைச்ச, நானும் பொழைச்சேன்."

7

ஏஜெண்டு வந்தான். கழுத்துப்பட்டை அணிந்த சீன இளைஞன். புத்தகத்தைப் புரட்டி, சிவப்புப் பக்கத்தில் நிறுத்தி, நவமணியிடம் மலாயில் கேட்டான்: "இனி அபா? சல்ஜி?" இது என்ன, பனியா?

முடிவு அ: அவள் உண்மையைச் சொல்கிறாள். அவன் கோலா கங்சாரில் ரப்பர்த் தோட்டத்துக்காரர் மகனாம், கண் கலங்கி, "எங்கள் வீட்டிலும் இப்படித்தான்" என்கிறான். ரொம்பத் தோதாக இருக்கிறது. சினிமாவுக்குக் கொடுத்துவிடலாம்.

முடிவு ஆ: "யா, சல்ஜி" என்கிறாள். கையெழுத்தாகிறது. எல்லாரும் காப்பிக் கடைக்குப் போகிறார்கள். இதை எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் எழுந்து பார்த்தால் நவமணி என்னோடு பேசமாட்டேன் என்கிறாள்.

ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன். செட்டியார் அவளுக்குப் பின்னால் நின்று கண்ணைக் காட்டினார், இருமினார், கடைசியில் கும்பிட்டே விட்டார். நவமணிக்குப் பயம்தான். பத்திரிகைக் கட்டுகள் மூலையில் மடிக்கக் காத்திருப்பது தெரிந்தது. ஆனால் திறந்திருந்த சிவப்புப் பக்கத்தில் சருகுக்குள் கழுத்துவரை புதைந்து கோமாருவும் கடாமுடாவும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"புக்கான் சல்ஜி," என்றாள். பனி இல்லை. "டாவுன். டாவுன் கெத்தா." இலை. ரப்பர் இலை.

"முருகா," என்றார் செட்டியார். சன்னாசி மிஷினை நிறுத்தினார்.

ஏஜெண்டு பக்கத்தை இன்னொரு முறை பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு வாயைத் திறந்தான்.

அவன் சொன்னதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவனைக் கத்தவிட்டாலும் சரி, சிரிக்கவிட்டாலும் சரி, நான் குறுக்கே வரமாட்டேன். ஆனால் நவமணி தலை குனிந்து நின்றாள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பல் தெரியச் சிரித்துக்கொண்டுதான் நின்றாள்.