எப்போதும், அடிக்கடி, சில நேரம்

…அடிக்கடியா, எப்போதுமா, இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கட்டம் ஏன் வைக்கவில்லை இவர்கள், என்று பேனாவைக் கடித்துக்கொண்டு நெரிடா காருக்குள் உட்கார்ந்திருந்தாள், பள்ளிக்கூடம் விட இன்னும் முப்பத்தைந்து நிமிடம், கடல்பக்கத்திலிருந்து மழை சாய்ந்து வந்து கண்ணாடியில் அடித்தது, ஸ்டியரிங்கின்மேல் விரித்துவைத்த படிவத்தில் பதினேழாவது கேள்வி, எதிர்பாராத சத்தம் கேட்டால் குழந்தை திடுக்கிடுகிறதா. திடுக்கிடுகிறாள். ஆனால் எப்போதும் என்றால் எப்போதுமா? போன வாரம் கணவன் ராஸ் கராஜில் சுத்தியலைத் தவறவிட்டபோது டார்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவன் சுத்தியலோடு இருப்பதை அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், அதே டார்சி டோஸ்டரிலிருந்து ரொட்டி துள்ளினால் மேஜைக்கு அடியில்… அடிக்கடி. சரி, அடிக்கடி. எண்பத்தாறு கேள்விகள், ஐந்து வாரப் பழக்கம். பெற்றவளாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடலாம். பெற்றவள் எங்கே இருக்கிறாள் என்று குழந்தைகள் நல அலுவலகத்துக்கே சரியாகத் தெரியாது, ஆறு வயதுக் குழந்தையையும் ஒரு நெகிழிப் பை நிறையத் துணியையும் வாசலில் விட்டுவிட்டு, கொஞ்ச நாளைக்குத்தான் நெரிடா, என்றார்கள். கொஞ்ச நாள். அதற்குக் கட்டம் உண்டா? மற்ற குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பதில் எழுதவும் என்று முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது, எந்தக் குழந்தைகளோடு, எனக்குத்தான் ஒன்றும் தங்கவில்லையே…

அதை விடு. அடுத்தது. சட்டைக் கழுத்துப் பட்டியைத் தொந்தரவாக உணர்கிறதா, சில நேரம். உணவின் வாசனைக்கே முகம் சுளிக்கிறதா, இல்லை, கறி அடைத்த பேஸ்ட்ரியாக இருந்தாலும் உப்புக் கரிக்கும் வெஜிமைட் தடவிய ரொட்டியாக இருந்தாலும் தட்டைத் துடைத்துவைக்கிறாள், யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல. ரொம்ப யோசிக்காத நெரிடா, என்றாள் நல அலுவலகத்துப் பெத், நேற்றுப் போனில், மனசுல முதல்ல படறதை டிக் பண்ணிட்டுப் போய்க்கிட்டே இரு, நாளான்னிக்குக் காலைல ஒன்பது மணிக்கு தெரபிஸ்ட் கையில இருக்கணும். அத்தோடு வைத்திருக்கலாம். வைக்கவில்லை. மொத்த ஸ்கோர் ரொம்ப ஏறிடுச்சுன்னா லான்செஸ்டன்ல இதுக்குன்னே பயிற்சி எடுத்த குடும்பம் ஒண்ணு இருக்கு, அங்க மாத்திடலாம், அவளுக்கும் நல்லதுதானே, என்றாள். நல்லதுதானே… அந்தச் சொல் மீன்முள்போலத் தொண்டையில் நிற்கிறது, இரவெல்லாம் விழுங்கிப் பார்த்தாயிற்று. நேற்றிரவே சமையலறையில் ஆறு இடத்தில் 'எப்போதும்' என்பதை அடித்து 'சில நேரம்' ஆக்கினாள், ராஸ் காபியோடு பின்னால் வந்து நின்று, என்ன டீச்சரம்மா, அவளைப் பாஸ் பண்ண வைக்கிறியா, ஃபெயில் பண்ண வைக்கிறியா, என்று கேட்டான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். அவள் படிவத்தைக் கையால் மறைத்துக்கொண்டாள், பள்ளிக்கூடத்தில் காப்பியடித்து மாட்டிக்கொண்டதுபோல, பிறகு அந்த ஆறையும் திரும்ப அடித்து 'எப்போதும்' ஆக்கினாள், இப்போது அந்தப் பக்கம் பார்க்கச் சகிக்கவில்லை.

முப்பத்தொன்று. குளிக்கும்போது அழுகிறதா, எதிர்க்கிறதா. எப்போதும். இதில் சந்தேகமே இல்லை. தினமும் மாலை ஆறு மணிக்குத் தெருவுக்கே கேட்கும். ராஸ் ஷவர் தலையை மாற்றினான், தண்ணீரைச் சூடாக்கினான், ஆற்றினான், நூலாக வரவைத்தான்… தலையில் நுரையோடு சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு கத்துகிறாள், கண் மட்டும் கதவின்மேல். தோல் கூச்சம் உள்ள குழந்தைக்குத் தண்ணீர் ஊசியாகக் குத்தும் என்று எங்கோ படித்தாள், அதுதான், பாவம் தோல், என்று மென்மையான துண்டு வாங்கிவந்தாள். நாற்பது. மற்றவர்கள் கவனிக்காத சத்தங்களைக் கவனிக்கிறதா. எப்போதும்! வண்டி தெருமுனையில் திரும்பும் முன்பே, ராஸ் வந்தாச்சு, என்பாள், இன்னிக்கு அவருக்குக் கோபம் இல்ல, என்பாள். வௌவால் காது எங்க பொண்ணுக்கு, என்று பக்கத்து வீட்டில்கூடப் பெருமை பேசியாயிற்று. எங்க பொண்ணு. எப்போது நுழைந்தது அந்த வார்த்தை?

மணி அடித்தது. அறுபத்திரண்டோடு நின்றது பேனா. பிள்ளைகள் மழையில் சிதறி ஓடிவர, டார்சி மட்டும் காதைப் பொத்திக்கொண்டு சுவரோரமாக வந்தாள், பின் கதவைத் திறந்து ஏறினாள், மஞ்சள் மழைக்கோட்டிலிருந்து சீட்டெல்லாம் தண்ணீர்.

"அது என்ன பேப்பர்?"

"உன்னைப் பத்திக் கேள்வி கேட்டிருக்காங்க. எனக்குத்தான் பாதிக்குப் பதில் தெரியல."

"என்னைக் கேக்க வேண்டியதுதானே."

அதானே. எண்பத்தாறு கேள்வியிலும் ஒரு இடத்தில்கூடக் குழந்தையைக் கேளுங்கள் என்று போடவில்லை, தனக்கும் தோன்றவில்லை. முப்பத்தொன்றாவது கேள்விக்குப் பக்கத்தைத் திருப்பினாள்.

"குளிக்கும்போது தண்ணி மேல பட்டா வலிக்குதாடா உனக்கு?"

"இல்லையே."

"பின்ன ஏன் அப்படிக் கத்துற?"

டார்சி பெல்ட்டின் கொக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "தண்ணி ஓடினா யாரு வர்றாங்கன்னு கேக்காது."

மத்தியானம் என்ன சாப்பிட்டாள் என்று சொல்வதுபோலச் சொன்னாள். கொக்கி மாட்டிக்கொண்டது. நெரிடாவுக்குக் கண்ணாடியில் அவளைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"நம்ம வீட்ல நானும் ராஸும்தானே இருக்கோம்."

"நீங்க வர்றதே தெரியாது. ராஸ் வர்றதும் தெரியாது. திரும்பிப் பார்த்தா நிக்கிறீங்க."

ஐயோ. காலுறை. டார்சி வந்த முதல் வாரமே நெரிடாதான் சட்டம் போட்டாள், பாவம் காது கூசுது, வீட்டுக்குள்ள பூட்ஸ் வேண்டாம் ராஸ், கதவைச் சாத்தாதே, மெதுவா நட. அவன் ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு கீலுக்கும் எண்ணெய் விட்டான். இரண்டு பெரிய மனிதர்கள் அன்போடு, பூனைமாதிரி, சத்தமே இல்லாமல் ஒரு குழந்தையின் முதுகுக்குப் பின்னால் வந்து வந்து நின்றிருக்கிறார்கள், ஐந்து வாரம்.

"இனிமே நான் வரும்போது பாடிக்கிட்டே வரட்டுமா?"

"உங்க பாட்டு நல்லாவே இருக்காது." கொஞ்சம் யோசித்தாள். "பரவால்ல. பாடுங்க."

கடைசிப் பக்கத்தில், வேறு ஏதேனும் தெரிவிக்க விரும்பினால், என்று இரண்டே இரண்டு கோடு விட்டிருக்கிறார்கள். 'அவள்' என்று எழுதி அடித்தாள். 'நாங்கள்' என்று எழுதினாள், அதற்குமேல் ஓடவில்லை. எழுதினால் என்ன ஆகும்? காது பிரச்சினை இல்லை, பயம், என்று தெரிந்தால் லான்செஸ்டன் வேண்டாம் என்பார்களா, இன்னும் சீக்கிரம் என்பார்களா? முப்பத்தொன்றில் போட்ட 'எப்போதும்' இப்போதும் உண்மைதான், அதை அழிக்கவும் முடியாது… அந்தத் திடுக்கிடல், அந்தக் காலித் தட்டு, எதெல்லாம் உடம்பு, எதெல்லாம் நடந்தது, எதெல்லாம் நாங்கள் செய்தது? பின்னால் ஹாரன் அடித்தது. "நமக்குத்தான் அடிக்கிறாங்க," என்றாள் டார்சி திரும்பாமலே, "அவங்களுக்குக் கோபம் இல்ல, அவசரம்." நெரிடா வண்டியை எடுத்தாள். கோபத்தையும் அவசரத்தையும் பிரித்துச் சொல்கிற அந்தக் காது பின் சீட்டில் இருந்தது, நேற்றிரவு சமையலறையில் நின்று படிவத்தில் அடித்து அடித்து எழுதியபோதும் சுவருக்கு அந்தப் பக்கம் அது விழித்துத்தான் இருந்திருக்கும், பேனாவின் கிறுக்கல், பெருமூச்சு, நாற்காலி இழுபட்டது… அதற்கெல்லாம் அவள் என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டாளோ, கேட்டுவிடலாமா, கேட்டால் சொல்லிவிடுவாளே…