போட்டாச்சுப்பா

டம்ளரை வாயருகே கொண்டுபோனதும் அப்பாவின் தொண்டை இறுகி, உடம்பு முழுக்கத் தூக்கிப்போட்டது. தண்ணீர் மகளின் முழங்கைவரை வழிந்தது.

"எடுத்துட்டுப் போம்மா," என்றார் அப்பா, சுவர்ப்பக்கம் திரும்பி. நேற்றிலிருந்து ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை.

வார்டு வாசலில் நின்ற டாக்டர் அதைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டார். "நாய் ஏதாவது கடிச்சுதா?"

"வீட்டு நாய்தாங்க. ரெண்டு மாசமாச்சு. அதுக்குத்தான் ஊசி போட்டிருந்தோமே, இவதான் கூட்டிட்டுப் போனா."

மகள் முழங்கையில் வழிந்த தண்ணீரைத் துடைத்தாள்.

பஞ்சுவைக் குட்டியாகத் தூக்கி வந்தவள் அவள்தான். குளிப்பாட்டுவது, ஊசி, மாத்திரை எல்லாம் தன் பொறுப்பு என்று தலையிலடித்துச் சத்தியம் செய்யாத குறை. ஊசிக்குக் குறித்துக் கொடுத்த தேதியில் நல்ல மழை. அடுத்த சனிக்கிழமை ஓவர்டைம். அதற்கடுத்த சனிக்கிழமை ஏன் போகவில்லை என்பது இப்போது ஞாபகத்தில் இல்லை. பின்கதவு திறந்துகிடந்த ஒரு நாள் பஞ்சு தெருவுக்கு ஓடி, காதோரம் ஒரு கடியோடு திரும்பியது. கழுவி மருந்து தடவினாள். அதோடு மறந்துபோனாள். மூன்று வாரம் கழித்துத் தட்டு வைக்கக் குனிந்த அப்பாவின் கட்டைவிரலை அது கவ்வியது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். இரத்தத்தைத் துடைத்துவிட்டு, வேலைப்பையிலிருந்த இன்சுலேஷன் டேப்பை விரலில் சுற்றிக்கொண்டார். செருப்பை மாட்டும்போதுதான் கேட்டார்.

"இதுக்கு ஊசி போட்டாச்சுல்ல?"

"போட்டாச்சுப்பா."

திட்டு வாங்க வேண்டாமே என்று சொன்னதுதான். நாளைக்கே போய்ப் போட்டுவிடலாம் என்றும் நினைத்தாள். நான்காம் நாள் பஞ்சு கட்டிலுக்கடியில் எச்சில் ஒழுகச் செத்துக்கிடந்தது. தெருவில் எதையோ தின்றிருக்கும் என்றாள் அம்மா. அவளும் அதையே பிடித்துக்கொண்டாள்.

மத்தியானம் அப்பாவுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. காற்று பட்டாலே உடம்பு உதறியதால் அவள் ஃபேனை நிறுத்தியிருந்தாள். வியர்வையில் தலையணை ஊறிக்கிடந்தது.

"நான்தான் அலட்சியமா விட்டுட்டேன்," என்றார். "டேப்பச் சுத்திக்கிட்டுப் போனேன் பாரு. அறிவுகெட்டவன்."

"அப்பா, நான் அன்னைக்கு..."

வராண்டாவில் யாரோ கதவை அறைந்து சாத்தினார்கள். அந்தச் சத்தத்துக்கே அவர் உடம்பு வில்லாக வளைந்தது. நர்ஸ் ஓடிவந்து அவளை வெளியே தள்ளினாள். நாலு மணிக்கு எல்லாம் முடிந்தது.

அப்பாவின் எச்சில் பட்டிருக்கும், வீட்டில் எல்லோரும் ஊசி போட்டே ஆகவேண்டும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். அம்மா முதலில் போட்டுக்கொண்டாள். அழுகை இன்னும் அவளுக்கு வந்திருக்கவில்லை. நர்ஸ் ஒரு தாளை நிரப்பிக்கொண்டே, தலை நிமிராமல் மகளிடம் கேட்டாள். "நாய்க்கு ஊசி போட்டிருந்ததா?"

பேனா காத்திருந்தது.

"இல்ல."

ஏற்றிவிட்டிருந்த ரவிக்கைக் கையை இறக்கிக்கொண்டிருந்த அம்மாவின் விரல்கள் பாதியில் நின்றன. நர்ஸ் எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

ஆம்புலன்சில் அப்பாவை ஏற்றினார்கள். பின்னால், ஸ்ட்ரெச்சரை ஒட்டி இரண்டு பேர் உட்காரும் பலகை இருந்தது. மகள் ஏறி, ஓரமாக நகர்ந்து இடம் விட்டாள். அம்மா அந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு வண்டியைச் சுற்றிக்கொண்டு முன்னால் போய், டிரைவர் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.