எட்டு நொடி

...தலைகீழாகத் தொங்குகிறான் டோர்கெய்ர், என் கணவன், திங்கட்கிழமை வரைக்கும் கணவன், கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நான் பார்க்கிற, எல்லாவற்றையும் கவிழ்த்துக் காட்டும் கேமராவின் மங்கல் கண்ணாடியில் ஏரி மேலே இருக்கிறது, வானம் கீழே, நடுவில் மஞ்சளாகிவிட்ட பிர்ச் மரங்கள், அவற்றின் பக்கத்தில் இவன், சிவப்புத் தொப்பி தரையைப் பார்த்தபடி... பெர்கன் நகரத்தில் இவனுக்குத் தனியாக வீடு பார்த்தாயிற்று, பெட்டிகளும் கட்டியாயிற்று, பெரிய சண்டை என்று ஒன்றும் கிடையாது, இருந்திருந்தாலாவது பிரிவதற்கு ஒரு காரணம் சொல்லிக்கொள்ளலாம். எனக்கு ஒரு படம் வேண்டும், அவ்வளவுதான், இவன் அசையாமல் நிற்கிற ஒரே ஒரு படம். இந்தப் பெரிய கேமராவுக்கு நொடிக்கணக்கில் ஒளி வேண்டும், இவனோ காலில் சக்கரம் கட்டியவன், எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டிய படங்களில் பாறை தெளிவாக இருக்கும், பசுகூடத் தெளிவாக இருக்கும், இவன் மட்டும் இருபத்திரண்டு வருடமாகப் புகை.

"இன்னும் எவ்வளவு நேரம், மாரித்? மூக்கு உறைஞ்சு போச்சு."

"காத்து அடங்கட்டும். வாயை மூடிட்டு நில்லு."

"கல்யாணத்தன்னிக்கும் இதையேதான் சொன்னே."

சிரிப்பு வந்தது, துணிக்குள் யார் பார்க்கப் போகிறார்கள், சிரித்துக்கொண்டேன்... இலைகள் ஓய்ந்தன. வெளியே வந்தேன், ஷட்டரை மூடினேன், மிச்சமிருந்த ஒரே ஃபிலிமைச் சொருகினேன், சொருகியதும் கண்ணாடி மறைந்துவிடும், பிறகு பார்ப்பதெல்லாம் வெறும் கண்ணால்தான். எட்டு நொடி என்றேன், ஷட்டரைத் திறந்தேன். ஒன்று, இரண்டு, தொப்பி நேராக இருந்தது, வானம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது, மூன்று, தாடியில் எப்போது இத்தனை நரை வந்தது, நான்கு, காலையில் வாஃபிளில் பழுப்புச் சீஸ் வைத்து என் பங்கை மடித்துக் கொடுத்தானே, இனி யார் மடிப்பார்கள், ஐந்து, ஆறு, அசையவில்லை, கண் சிமிட்டினானா, ஏன் இன்றைக்குப் போய் நிற்கிறான் பாவி, ஏழு... எட்டு. மூடினேன். தகட்டைத் திரும்பச் சொருகலாம் என்று கையைக் கொண்டுபோனால், கக்கத்தில் தகடு இல்லை. ஃபிலிமை மறைத்திருக்கும் தகட்டை உருவி வலது கக்கத்தில் இடுக்கிக்கொள்வது என் வழக்கம், ஜுரம் பார்க்கிறாயா என்று இவன் கேலி செய்வான். அது உருவப்படாமல் அங்கேயே இருந்தது, வெள்ளை விளிம்பைக் காட்டிக்கொண்டு, ஃபிலிமில் ஒரு துளி வெளிச்சம் படவில்லை. புதிதாகக் கற்கிறவர்கள் செய்கிற தப்பு, முப்பது வருடத்துக்குப் பிறகு நான் செய்தேன்... சொல்லலாமா, சொல்லாமல் மூட்டை கட்டிவிடலாமா? நன்றாக வந்தது என்று ஒரு பொய் சொன்னால் என்ன?

"டோர்கெய்ர்... தகட்டை உருவ மறந்துட்டேன்."

"தெரியும். உன் கக்கத்துல இல்லையே."

"தெரிஞ்சா ஏன் சொல்லலை?"

அவன் தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டான். "நீ என்னையே பாத்துட்டிருந்தே."

காற்று இன்னும் எழவில்லை, வெளிச்சமும் இருக்கிறது, ஃபிலிம் அப்படியே இருக்கிறது, அவன் நின்ற இடத்திலேயே நிற்கிறான், நான் சொல்லாமலேயே நிற்கிறான். தகட்டின் மேல் என் விரல் இருக்கிறது. உருவினால் படம் கிடைத்துவிடும், எட்டு நொடியில் எல்லாம் முடிந்துவிடும்... எனக்கு வேண்டியது படம்தானா?