சாக்கடைக்குப் போன சத்து

ஆஸ்பத்திரி சமையலறைக்குப் புதிதாக வந்த ஊட்டச்சத்து அதிகாரிக்கு உருளைக்கிழங்கைப் பற்றித் தெரியாதது எதுவுமில்லை. உரிக்க மட்டும் தெரியாது. வந்த அன்றே சுவர் முழுக்க வண்ண அட்டை ஒட்டினார்: வைட்டமின் சி, நார்ச்சத்து, பொட்டாசியம். இவ்வளவு பெருமைக்குரிய கிழங்கு பாவம், மூலையில் மூட்டையில் கிடந்தது.

இருபது வருஷமாக அதோடு மல்லுக்கட்டும் சமையல் மாஸ்டர், கிழங்கு வெந்த தண்ணீரைத் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தார். அதிகாரி பதறிப்போனார்.

“மாஸ்டர்! சத்தெல்லாம் சாக்கடைக்குப் போகுதே!”

“போகட்டும்னுதான் மேடம் கொட்டுறேன். இது கிட்னி வார்டுக்கு. அவங்களுக்குப் பொட்டாசியம் ஏறினா நெஞ்சே நின்னுடும்னு டாக்டர் சொல்லியிருக்காரு.”

“நீங்க டாக்டருக்குப் படிச்சிருக்கீங்களா?”

“இல்ல மேடம். கரண்டிக்குத்தான் படிச்சேன்.”

கரண்டிப் படிப்புக்கு என்ன மரியாதை? மறுநாளே உத்தரவு வந்தது: இனி எல்லா வார்டுக்கும் தோலோடு கிழங்கு, வெந்த தண்ணீரோடு. மீறினால் வேலை போகும். கிட்னி டாக்டரோ ஒரு மாத லீவில் இருந்தார். ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளரிடம் முறையிட்டால், “மேடம் படிச்சவங்க, சொல்றதக் கேளுங்க” என்று முடித்துவிட்டார்.

வீட்டில் மாஸ்டர் சம்பளத்தை நம்பி மூன்று பேர். வார்டில் அவர் கையை நம்பிப் பதினொரு பேர். அதிகாரி ஒன்பது மணிக்குத்தான் வருவார். மாஸ்டர் ஐந்துக்கே வந்து, கிட்னி வார்டுக் கிழங்கைத் தோல் சீவி, ஊறவைத்து, வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிடுவார்.

மாதக் கடைசியில் பதினொரு பேரின் ரத்தப் பரிசோதனையும் ஒழுங்காக வந்தது. எல்லாம் தன் புதிய முறையின் மகிமை என்று அதிகாரி அறிக்கை எழுதினார். பாராட்டுக் கூட்டம், பூங்கொத்து, சான்றிதழ். மாஸ்டரும் கைதட்டினார். தட்டாவிட்டால் நன்றாகவா இருக்கும்?

கூடவே அதிகாரிக்குப் பதவி உயர்வும் அறிவித்தார்கள்.

“பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறேன், மாஸ்டர். கிட்னி வார்டுல மட்டும் இருநூறு படுக்கை” என்றார் அதிகாரி பூரிப்போடு. “அங்க சமையல்காரர் உங்கள மாதிரி எதிர்த்துப் பேச மாட்டாராம். சொன்னத அப்படியே செய்வாராம்.”

மேடையில் கண்காணிப்பாளர் நன்றி சொல்லத் தொடங்கியிருந்தார். மாஸ்டர் ஏப்ரனைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, நேரே மைக்கிடம் போனார்.

“ஐயா, ஒரு நிமிஷம். அந்தத் தண்ணிய இந்த மாசம் முழுக்க நான் கொட்டிட்டேன்.”