கடிபடாத செடிகள்

1

இந்தக் கதை பெருமையில் பிறந்தது. என் தங்கையைப் பற்றி நாலு பேரிடம் பீற்றிக்கொள்ள வேண்டும். வாய் வராது என்பதால் எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: 'பசுமைக்குடிலின் ஒளியில் ஒரு தேவதையைப் போல அவள்...'

(அடித்துவிட்டேன். படித்துப் பார்த்தவள், "அண்ணா, நான் புழு வளர்க்கிறவ. தேவதைக்கு வேற ஆளைப் பாரு" என்றாள்.)

2

தெரிந்ததைச் சொல்கிறேன். புழு கடித்தால் தக்காளிச் செடி சும்மா இருப்பதில்லை. மற்ற இலைகளிலும் ஒரு பொருளைச் சேர்த்துவைக்கிறது. அதன்பின் அவற்றைத் தின்னும் புழுவுக்கு வயிறு நிறையும். தின்றது உடம்பில் ஒட்டாது.*

* இங்கே பெரியப்பா மகனை உவமை சொல்லியிருந்தேன். தங்கை நீக்கச் சொன்னாள்.

இதை அளப்பதுதான் அவள் ஆராய்ச்சி. ஒரு வரிசைச் செடிகளில் முன்பே புழுக்களைக் கடிக்க விட்டிருந்தாள். மறு வரிசைக்குப் பெயர் 'கடிபடாதவை'. இரண்டிலிருந்தும் தினமும் இலை பறித்து, டப்பாப் புழுக்களுக்குப் போட்டு எடை பார்ப்பாள். ஆரம்பத்தில் கடிபடாத இலை தின்றவை கொழுத்தன. சில நாள் கழித்து டப்பாவில் விட்ட இளம்புழுக்களோ, எந்த வரிசை இலையைத் தின்றாலும் நோஞ்சான்.

கருத்தரங்கில் தெளிவான வித்தியாசம் காட்டினால்தான் அடுத்த பருவத்துக்கும் துறைத்தலைவர் பசுமைக்குடிலை அவளுக்குத் தருவார்.

3

துறைத்தலைவரே ஒரு வழி சொன்னார். (இவரை வில்லனாக்கப் பார்த்தேன், மனிதர் இடம் கொடுக்கவில்லை. அவள்மேல் இருந்த அக்கறையில்தான் சொன்னார்.)

"ஆரம்பத்து எடையை மட்டும் காட்டும்மா. மிச்சத்துக்குப் புழுவுக்கு நோய்னு சொல்லிடலாம். யார் கேக்கப் போறா?"

அன்று சாப்பாட்டு மேசையில் அவள் விரல் நுனியை முகர்ந்தாள். எவ்வளவு கழுவினாலும் போகாத தக்காளி இலை வாசம். திடீரென்று சிரித்துவிட்டாள்.

"அண்ணா, தினம் தினம் அந்த இலையைப் பிச்சது யாரு?"

"நீதான்."

"அது கை, புழு இல்லன்னு செடிக்கு யாரு சொன்னா?"

4

கருத்தரங்கில் எல்லா எடைகளையும் காட்டினாள். கடைசி வரிசையில் நான்.

"கடிபடாத செடின்னு என்கிட்ட ஒண்ணுமே இல்ல. அதுங்களைக் கடிச்சது நான்தான்னு நினைக்கிறேன். சோதிச்சுப் பாக்க இன்னொரு பருவம் வேணும்."

சொல்லிவிட்டு, பறித்த விரல்களை விரித்துக் காட்டினாள். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

என் நெஞ்சு நிமிர்ந்து முன் நாற்காலியில் இடித்தது என்றால் நம்புவீர்களா? நம்பாவிட்டால் போகட்டும்; அந்த வரியை எடுக்க மாட்டேன்.

5

முடிவு ஒன்று: அரங்கமே எழுந்து கைதட்ட... (பொய். ஒருவரும் தட்டவில்லை.)

முடிவு இரண்டு: தலைவர் பசுமைக்குடில் சாவியைத் திருப்பிக் கேட்க, அவள் கலங்கிய கண்களுடன்...

முடிவு மூன்று: "இலையைப் பறிக்காம, புழுவைச் செடியிலேயே விட்டா?" என்று அவர் கேட்க...

தங்கை மூன்றையும் படித்தாள். "அவரே இன்னும் வாயைத் திறக்கல. உனக்கு என்ன அவசரம்?"

நியாயம்தான். தலைவரை அப்படியே உங்களிடம் விட்டுப்போகிறேன். அவர் வாயில் என்ன வார்த்தை வைப்பது என்பது உங்கள் பாடு. ஒன்று மட்டும்: அவரை மறுக்க வைத்தாலும், அவளைத் தலைகுனிய வைத்து எழுதாதீர்கள். உங்களால் முடியாது. முடிவு இரண்டில் நான் முயன்று பார்த்துவிட்டேன்.