வலிக்காத ஊசி

"தொற்றுநோய் வார்டில் பத்தாயிரம் ஊசி போட்ட கை இது!" என்று மேடையில் ஒருவர் மருந்துக் கம்பெனித் தலைவரைப் புகழ்ந்து முழங்கியபோது, மருந்துத் தட்டை ஏந்தி நின்ற நர்சம்மாவுக்குச் சிரிப்பு முட்டியது. அந்த வார்டில் தலைவரோடு வேலை பார்த்தவள் அவள். அந்தக் காலத்தில் கெட்டிக்கார டாக்டர்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஆராய்ச்சி, மருந்துக் கம்பெனி, தலைவர் நாற்காலி என்று ஏறிய மனுஷன் நோயாளியைத் தொட்டு இருபது வருஷமாகிறது. இப்போது தொடுவதெல்லாம் மைக்கைத்தான். கற்ற வித்தை, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகிவிட்டது.

கம்பெனியின் புதிய தடுப்பூசியை முதல் ஆளுக்குத் தலைவரே போடுவதாக ஏற்பாடு. முதல் ஆள், கம்பெனி டிரைவர். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கண்ணை இறுக மூடினார். தலைவர் ஊசியை எடுத்தார், கேமராவைப் பார்த்து இளித்தார், மூடியைக் கழற்றாமலே புஜத்தில் அழுத்தினார்.

"சார், மூடி..." என்று நர்சம்மா கிசுகிசுத்தாள்.

"சும்மா இரும்மா. எனக்கேவா?"

டிரைவர் கண்ணைத் திறந்தார். "வலிக்கவே இல்லைங்கய்யா!"

கைதட்டலில் மண்டபமே அதிர்ந்தது.

மறுநாள் பேப்பரில் பாதிப் பக்கத்துக்கு விளம்பரம். தலைவரின் இளிப்பு, மூடி போட்ட ஊசி, கீழே கொட்டை எழுத்தில் 'வலியே இல்லாத தடுப்பூசி'. டிரைவர் அதைப் பெருமையோடு தூக்கிக்கொண்டு நர்சம்மாவிடம் காட்ட வந்தார்.

அவள் தட்டிலிருந்து ஓர் ஊசியை எடுத்து மூடியைக் கழற்றினாள்.

"கையை நீட்டுங்க தம்பி. இது வலிக்கும். இதுதான் ஊசி."