பலகைக்குக் கீழே

சின்ராசு வீட்டில் பேசுகிறவன் இல்லை. போடிக்குப் பக்கத்துச் சிலமலை கிராமத்தில் அவர்களுக்கு இருந்தது ஒரே அறை. அதில் அவனுடைய அம்மா, கல்யாணத்துக்குக் காத்திருக்கும் தங்கை, அப்புறம் அவனும் மாயக்காளும். எதைச் சொன்னாலும் எல்லார் காதிலும் விழும். அதனால் எதையுமே சொல்லாமல் இருக்கப் பழகிவிட்டான். அவன் மனைவியிடம் பேசியதெல்லாம் ஜிப்சம் பலகைக்குக் கீழேதான்.

இருவரும் ஜோடியாகச் சீலிங் வேலை செய்தார்கள். சாரத்தில் ஏறி நின்று, மேலே அடித்திருக்கும் தகரச் சட்டத்தில் பலகையைப் பொருத்த வேண்டும். சின்ராசு திருகாணி முடுக்குவான். முடுக்கி முடியும்வரை மாயக்காள் பலகையைத் தலையில் தாங்குவாள். பலகை அழுத்தி முடி தேய்ந்த உச்சியில் மடித்த துண்டு, கால்விரல்களில் லேசாக ஒரு எக்கு. அவர்களை மேலே அந்தப் பலகை மறைக்கும், கீழே சாரத்துத் தட்டு மறைக்கும். அந்த இடுக்கில்தான் தங்கைக்குப் பேசியிருக்கும் தேவாரம் ஊர் மாப்பிள்ளை வீட்டை நினைத்தால் பயமாக இருக்கிறது என்று அவன் சொன்னான். அவளுக்குக் கரு கலைந்த பிறகு ஒருநாள் அவன் திருகாணியை உதட்டில் கவ்வியபடி அழுததும் அங்கேதான். அவள் தலையை அசைக்க முடியாமல் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"மேல அப்படி என்னண்ணே ரகசியம்? எங்களுக்கும் சொன்னா சிரிப்போம்ல," என்று வயரிங் வேலை பார்க்கும் சுடலை கீழிருந்து கத்துவான்.

"ஒம் பொண்டாட்டியக் கூட்டிட்டு வா, சொல்லித் தர்றேன்," என்பாள் மாயக்காள்.

போடிமெட்டுக்குப் போகும் வழியில் ஏலத்தோட்டத்துக்கு நடுவே ஒரு விடுதி எழும்பிக்கொண்டிருந்தது. அந்த வேலையை ஒப்பந்தம் எடுத்திருந்த பைரோஸ் ஒவ்வொரு அறையிலும் கேமரா மாட்டியிருந்தான். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் செல்போனோடு வந்து அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. இந்த ஏஐ வீடியோவப் பாத்து யாரு என்ன சோலி செய்யுறாங்கன்னு பிரிச்சுச் சொல்லுது. நீங்க சும்மா நிக்குறீங்களாம்."

"சும்மாவா? பலகையை அது தலையில ஏத்திவிடு தம்பி, அப்புறம் பேசச் சொல்லு."

சுடலை சிரித்ததில் சோறு புரையேறியது. பைரோஸும் சிரித்தான்.

"எனக்குத் தெரியாதாக்கா? நானும் அதுகிட்டச் சொன்னேன், அவங்க பலகை பிடிக்கிறாங்கன்னு. பிடிக்கிறதுக்குப் பலகையத் தூக்கி நிறுத்துற லிஃப்டு மிஷின் ஒண்ணு போதும், ஒரே ஆள் போதும்னு சொல்லிருச்சு. எந்தப் பலகைய எப்படி வெட்டணும்னும் அதுவே படம் போட்டுத் தருது." சின்ராசுவின் பக்கம் திரும்பினான். "நான் கட்டாயப்படுத்தலண்ணே. பழையபடியே இருக்கட்டும்னாலும் சரிதான். நீங்க சொல்லுங்க."

மாயக்காள் கணவனைப் பார்த்தாள். அவன் தூக்குவாளியின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தான். தோட்டத்துக்குள்ளிருந்து மூடுபனி ஏறி, கண்ணாடி இல்லாத சன்னல் வழியாக அறைக்குள் வந்தது.

"லிஃப்டைக் கொண்டாங்க," என்றான் சின்ராசு. "இவளுக்குக் கழுத்து போச்சு. ராத்திரி திரும்பிப் படுக்க முடியாம முனங்குறா. என்னாலயும் கேட்டுக்கிட்டுக் கெடக்க முடியல. போதும்."

அவ்வளவு பேர் முன்னால் அவன் அவளுக்காகப் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கு வலிக்கவில்லை என்று அவள் சொல்லியிருக்கலாம், அது பொய். வலித்தாலும் பரவாயில்லை, நான் அங்கேயே நிற்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். பைரோஸ் இருந்தான், சுடலை இருந்தான். இந்த மாதிரிப் பேச்சைச் சாரத்துக்கு மேலேதான் அவர்கள் பேசிப் பழகியிருந்தார்கள்.

சாயங்காலம் ஜீப்பில் மலையிறங்கும்போது, "நான் இன்னும் கொஞ்ச நாளைக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"ஒனக்காகத்தான சொன்னேன் புள்ள."

"தெரியும்," என்றாள்.

ஒரே ஆள் என்றானதும் அவனை எங்கும் அனுப்ப முடிந்தது. பைரோஸ் அவனை லிஃப்டோடு மூணாறு வேலைக்கு அனுப்பினான். தங்கலும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தான். அம்மாவும் தங்கையும் சுற்றி இருக்க, சாப்பிட்டுவிட்டு அவளைப் பார்த்து, "கழுத்து?" என்று கேட்டான்.

"இப்ப வலி இல்ல."

அவன் முகம் தெளிந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து நிம்மதியாகத் தூங்கினான். மறுநாள் இருட்டோடு கிளம்பிவிட்டான். அடுத்த வாரமும் அதே கேள்வியைக் கேட்டான். அவளும் அதே பதிலைச் சொன்னாள். அதற்கு மேல் கேட்க அவனுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

மாயக்காள் போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் பிரிக்கப் போனாள். பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து, கை ஓயாமல், வாய் ஓயாமல் வேலை பார்த்தார்கள். இவள் குனிந்து பச்சைக் காயையும் வெளுத்த காயையும் பிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த செல்லத்தாய் அவள் தலையை உற்றுப் பார்த்தாள்.

"ஏ ஆத்தா, வந்தப்ப உச்சியில சொட்டையா இருந்துச்சு. இப்ப குட்டி குட்டியா முடி மொளைக்குதே. என்ன எண்ணெ தேய்க்கிற?"

மாயக்காள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.